ஜார்கண்ட்: எவருடைய செல்வம்?

இந்தியாவின் கிழக்கே உள்ள ஜார்கண்ட் மாநிலத்தைப் பற்றி எழுதப் புகும் பத்திரிகையாளர், பொருளியற் பேராசிரியர், அரசாங்க அறிஞர் ஆகிய யாவரும் ஒரே பல்லவியைப் பாடுவதை நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். நாட்டின் கனிய வளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அம்மாநிலத்தின் மண்ணுக்கடியிற் கிடக்கின்றது என்று முதலில் வியப்பார்கள். நிலக்கரி, இரும்பு, செம்பு, யுரேனியம், மைக்கா, பொக்சைட் என்று விரல் மடித்து எண்ணுவார்கள். பின்னர் முகத்தைச் சற்றே வாட்டமாக வைத்துக்கொண்டு, 'ஆயினும் அந்தோ, அம்மக்கள் வறியர்!' என்பார்கள். வளம் மிக்க நிலத்தில் வறுமை மிக்க மக்கள். இஃதென்ன விந்தை, இஃதென்ன முரண்பாடு என்று வினாக்குறியிட்டுக் கட்டுரையை முடிப்பார்கள். அண்மைக் காலத்தில் இந்த வியப்புக்கு 'வளத்தின் சாபம்' என்று ஒரு பெயரும் சூட்டப்பட்டிருக்கிறது.

எமது புராணக் கதைகளிலே கூடச் சாபம் தானாக வந்து விழுவதில்லை. இட்டவர் ஒருவர் இருப்பார். இட்டதற்குக் காரணம் ஒன்று இருக்கும். மீள்வதற்கு வழியும் சொல்லப்பட்டிருக்கும். பல்கலைக்கழகப் பொருளியலின் சாபத்துக்கோ இம்மூன்றும் இல்லை. இட்டவரின் பெயரைச் சொல்லாதிருப்பதற்காகவே இச்சொல் ஆக்கப்பட்டதோ என்று நாம் ஐயுறுகிறோம்.

வறுமை உண்மையே. நிதி ஆயோக் என்னும் இந்திய அரசின் நிறுவனம் 2021இல் வெளியிட்ட பன்முக வறுமைக் கணக்கிலே ஜார்கண்ட், பீகாருக்கு அடுத்த இடத்தில் நின்றது. மக்களில் நூற்றுக்கு 42 பேர் வறியோர் எனப்பட்டனர். 2023இல் வந்த கணக்கு இதனை 29 ஆகக் காட்டுகிறது. குறைந்தது நன்றே, குறைந்ததைக் குறையவில்லை என்று வாதிடுவது எமது வேலையன்று. ஆனால் 2019–21 காலத்துத் தேசியக் குடும்ப நல ஆய்வு, அம்மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 65 பேர் இரத்தசோகை உடையோர் என்று கண்டது. மலை மலையாக இரும்புத்தாது ஏற்றுமதி செய்யும் மண்ணிலே பிறந்த பெண்ணின் இரத்தத்தில் இரும்பு இல்லை. இதனை முரண்பாடு என்று சொல்வோர், தாது எவர் கைக்குப் போயிற்று என்று ஒருகால் கேட்டிருப்பின், முரண்பாடு எதுவும் இல்லை என்பதைக் கண்டிருப்பர்.

இச்சாபத்தின் வரலாறு எழுதப்படாத வரலாறு அன்று. சோட்டா நாகபுரி மேட்டுநிலத்திலும் அதனை அடுத்த மலைகளிலும் முண்டா, ஒராவோன், ஹோ, சந்தால் ஆகிய மக்கள் காட்டைத் திருத்திக் கழனியாக்கி வாழ்ந்தனர். முதலிற் காடு திருத்திய குடியின் வழித்தோன்றல்கள் அனைவருக்கும் அந்நிலம் பொதுவுரிமை என்பது முண்டா மக்களின் வழமை. பிரித்தானிய ஆட்சி இவ்வழமைக்கு மேலே ஜமீன்தாரையும், அவனுக்குப் பின்னே வட்டிக்கடைக்காரனையும் கொண்டுவந்து வைத்தது. இவ்வந்நியரை அம்மக்கள் 'டிக்கு' என்ற ஒரே சொல்லால் அழைத்தனர். 1855இல் சந்தால் மக்கள் சீது, கானு என்னும் உடன்பிறந்தார் தலைமையிற் கிளர்ந்தெழுந்தனர். 1899 முடிவில் முண்டாக்கள் பீர்சா முண்டாவின் தலைமையில் எழுந்தனர். 1900 ஜூன் 9ஆம் நாள் ராஞ்சிச் சிறையில் பீர்சா மாண்டபோது அவருக்கு இருபத்தைந்து வயது நிரம்பியிருக்கவில்லை.

அக்கிளர்ச்சி தந்த அச்சத்தின் விளைவாகவே 1908இல் சோட்டா நாகபுரிக் குடிவாரச் சட்டம் பிறந்தது. ஆதிவாசியின் நிலத்தை ஆதிவாசியல்லாதார் கைப்பற்றுதலை அது தடுத்தது. துரைமார் மனமிரங்கிக் கொடுத்தது என்று சில வரலாற்று நூல்கள் எழுதுவதை நாம் நம்பவில்லை. இரத்தம் சிந்திப் பெறப்பட்ட சட்டம் அது. ஆயின் அது காத்தது மேல்மண்ணை மட்டுமே. அடிமண்ணிலுள்ள கரிக்கு ஜமீன்தாரே உடையவன் என்பது அக்காலத்து நியதி. ஜரியாவின் ராஜா கரியுரிமையைக் கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்துக் குத்தகைப் பணத்தில் அரண்மனையில் வாழ்ந்தார். உழுதவனுக்கு ஒரு முழ மண்; அதற்குக் கீழே பாதாளம் வரை பிறருடையது.

சுதந்திரத்தின் பின் ஜமீன் ஒழிந்தது. அடிமண் அரசுக்குச் சென்றது. 1957இல் இந்தியப் பாராளுமன்றம் நிலக்கரி தாங்கு நிலங்களைக் கையேற்பதற்குத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அரசாங்கம் ஓர் அறிவித்தலை வெளியிட்டு, அதன்பின் உரிய படிகளைக் கடந்தால், நிலம் முழுவதும் மத்திய அரசின் உடைமையாகிவிடும். வட்டிக்கடைக்காரன் நுழையாதபடி 1908இற் கதவைப் பூட்டினார்கள். அரசாங்கம் நுழைவதற்காக 1957இற் கூரையைப் பிரித்துவிட்டார்கள். 2013இல் வந்த புதிய நிலக் கையேற்புச் சட்டம், மக்களின் சம்மதத்தையும் சமூக விளைவுகளின் ஆய்வையும் வலியுறுத்திற்று என்று பலர் மகிழ்ந்தனர். அச்சட்டத்தின் நான்காம் அட்டவணையை வாசித்தவர்கள் மகிழவில்லை. விலக்களிக்கப்பட்ட பதின்மூன்று சட்டங்களின் வரிசையில் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தது. நட்டஈடும் மீள்குடியேற்றமும் பற்றிய பகுதிகள் பின்னர் நீட்டப்பட்டன. சம்மதம் கேட்கும் பகுதி நீட்டப்படவில்லை.

மண்ணிழந்தோர் எங்கே போயினர்? ஒரு பகுதியினர் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போயினர். இவ்விடத்தில் எமது வாசகர்கள் சற்றே நின்று சிந்திப்பார்களாக. திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் எம்மவரைக் கங்காணிமார் கண்டிச் சீமைக்கு ஓட்டி வந்த அதே நூற்றாண்டிலே, அதே தேயிலைக்காக, சோட்டா நாகபுரி மக்களை ஆர்க்காட்டிகள் என்னும் தரகர்கள் பிரமபுத்திராப் பள்ளத்தாக்குக்கு ஓட்டிச் சென்றனர். எமது மலையகத்தில் குடியுரிமை பறிபோயிற்று. அங்கு, சொந்த ஊரிற் பழங்குடியினர் எனக் கொள்ளப்படுவோர் அசாமிலே அந்தத் தகுதியின்றிச் சுதந்திரத்தின் பின்னும் பல தசாப்தங்களைக் கழித்தனர்.

மற்றொரு பகுதியினர் தம் காலடியிலேயே தோண்டப்பட்ட குழிகளுக்குள் இறங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜரியாவுக்குப் புகையிரதப் பாதை வந்ததும், குடும்பம் குடும்பமாகவே சுரங்கத்துக்குள் உழைப்பு நடைபெற்றது. கணவன் கரியை வெட்டுவான். மனைவி கூடையில் அள்ளிச் சுமந்து தொட்டிவண்டியை நிரப்புவாள். வெட்டியவனுக்கும் சுமந்தவளுக்குமாகத் தொட்டிக் கணக்கிற் கூலி. 1929இல் வகுக்கப்பட்ட விதிகள், பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதைப் படிப்படியாக நிறுத்தி 1939இல் முற்றாக ஒழிக்கவேண்டும் என்றன. நாகரிகம் வந்துவிட்டது என்று இலண்டனிலும் ஜெனிவாவிலும் பாராட்டினார்கள். கூலியிற் பாதியை இழந்த குடும்பத்துக்கு வேறு வழி என்ன என்று எவரும் கேட்கவில்லை. பின்னர் யுத்தம் வந்தது, கரி போதவில்லை. 1943இற் தடை நீக்கப்பட்டுப் பெண்கள் மீண்டும் குழிக்குள் இறக்கப்பட்டனர். யுத்தம் முடிந்ததும், 1946இல், நாகரிகம் மீண்டும் திரும்பிற்று. ஏகாதிபத்தியத்தின் மனிதாபிமானம் எத்தகையது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்றை நாம் கண்டதில்லை.

அக்காலத்துத் தனியார் முதலாளிகள் கரியை எடுத்த விதமே ஜரியாவின் இன்றைய கதியைத் தீர்மானித்தது. கரியை எடுத்தபின் வெறுமையாகும் இடத்தை மணலிட்டு நிரப்புதல் வேண்டும். மணலுக்குச் செலவு உண்டு; நிரப்பாது விட்டால் அச்செலவு இலாபம். ஆகவே நிரப்பாது விட்டனர். வெற்றிடத்தில் எஞ்சிய கரி காற்றுப் பட்டுத் தானாகவே சூடேறித் தீப்பற்றிற்று. 1916இல் முதலிற் கண்டறியப்பட்ட நிலத்தடித் தீ ஒரு நூற்றாண்டைக் கடந்தும் எரிகிறது. வீட்டுத் தளம் சுடுகிறது, சுவர் வெடிக்கிறது, மழை பெய்தால் நிலம் புகைகிறது. 2017 மே மாதத்தில் ஒரு தந்தையும் மகனும் திடீரெனப் பிளந்த நிலத்துக்குள் வீழ்ந்து மாண்டனர். 2009இல் 7,112 கோடி ரூபா மதிப்பீட்டில் ஒரு பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. மக்களைப் பெல்கரியா என்ற புதுக் குடியிருப்புக்குக் கொண்டுபோய்ச் சிறு அறைகளில் வைத்தார்கள். அங்கே வீடு உண்டு, வேலை இல்லை. எனவே பகலில் ஜரியாவுக்கே திரும்பினார்கள். 2025 ஜூனில் 5,940 கோடி ரூபாவுக்குத் திருத்திய திட்டம் ஒன்றை மத்திய அமைச்சரவை ஏற்றது. இம்முறை பிழைப்புக்கென ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இலட்சம் ரூபா நன்கொடை. மூன்று இலட்சம் வரை கடன் வசதி. காலடியிலிருந்த கரியை நூறாண்டுக்கு மேலாக எடுத்துச் சென்றவர்கள், இப்பொழுது அக்காலடிக்கு உரியோரைக் கடனாளியாக்க முன்வந்திருக்கிறார்கள்.

இவ்விடத்தில் எமது முகாமைச் சேர்ந்த நண்பர் சிலர் குறுக்கிடுவர். 'தனியுடைமையின் தீமையைத்தான் நீங்கள் கூறுகிறீர்கள். 1971 முதல் 1973 வரை இந்திரா காந்தி அரசாங்கம் நிலக்கரிச் சுரங்கங்களைத் தேசவுடைமையாக்கியதே, அதனை ஏன் மறைக்கிறீர்கள்?' என்பர். மறைக்கவில்லை. முற்போக்காளர் யாவரும் அதனை வரவேற்றனர், வரவேற்றதிலே தவறுமில்லை. சுரங்க முதலாளியின் தடியர்கள் கூலி கொடுக்கும் நாளிலே வாயிலில் நின்று பங்கு பிடித்த காலம் அது. தேசவுடைமையின் பின் கூலி உயர்ந்தது. சேமலாப நிதியும் வைத்திய வசதியும் வந்தன. இவற்றை அற்பமென்று தள்ளுவோர் அக்குழிகளுக்குள் இறங்கியறியாதோர்.

ஆனால் எது மாறவில்லை என்பதையும் நேர்மையுடன் சொல்லவேண்டும். 1965இல் தோரிச் சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்து 268 பேர் மாண்டபோது, அது தனியார் இலாபவெறியின் பலி என்றோம். 1975 டிசம்பர் 27ஆம் நாள் சாஸ்நாலாச் சுரங்கத்துள் வெள்ளம் பாய்ந்து 375 பேர் மாண்டபோது அச்சுரங்கம் அரசின் முகாமையில் இருந்தது. நாட்டில் அவசரகால நிலை. உரத்துக் கேட்கவும் இயலவில்லை. வட்டிக்கடைக்காரனும் ஒப்பந்தக்காரனும் தன்பாத்தை விட்டுப் போகவில்லை. அவர்களிற் சிலர் தொழிற்சங்கத் தலைவர் என்ற சட்டையை மாட்டிக்கொண்டனர். இரண்டு ஏக்கர் நிலத்துக்கு ஒரு வேலை என்பது நிலமிழந்தோருக்குக் காட்டப்பட்ட கணக்கு. அரை ஏக்கரும் கால் ஏக்கருமாக வைத்திருந்தவனும், நிலமே இன்றிக் காட்டை நம்பி வாழ்ந்தவனும் அக்கணக்கில் எங்கே வருகிறார்கள்?

அன்றியும், சுரங்கத்தின் தன்மையே மாறிவிட்டது. இன்று இந்திய நிலக்கரிக் கூட்டுத்தாபனத்தின் உற்பத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கு திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. நிலத்தடிச் சுரங்கம் ஆட்களை விழுங்கிற்று. நிலத்தை ஓரளவு விட்டுவைத்தது. திறந்தவெளிச் சுரங்கமோ நிலத்தையும் காட்டையும் நீரோடையையும் முற்றாக விழுங்கிவிட்டு, ஆட்களை வேண்டாமென்கிறது. இராட்சத இயந்திரம் ஒன்று பல நூறு பேரின் வேலையைச் செய்கிறது. அதனை ஓட்டுபவனும் ஒப்பந்தக்காரனின் ஆள். இந்த நிலையில் 'கைத்தொழில் வளர்ந்தால் வேலை பெருகும்' என்று எம்மவரிற் சிலர் ஐம்பதாண்டுக்கு முந்திய பாடத்தை ஒப்புவிப்பதைக் கேட்கும்போது எமக்கு வெட்கமாக இருக்கிறது. பொகாரோ உருக்காலை சோவியத் உதவியுடன் எழுந்தபோது அதனைப் போற்றி எழுதாத முற்போக்கு ஏடு எது? அவ்வாலை எழுந்த நிலத்திலிருந்து வெளியேறிய கிராமங்களின் பெயர்களை அவ்வேடுகளுள் எத்தனை வெளியிட்டன? அக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

இதனைக் காலத்தே கண்டவர் ஒருவர் இருந்தார். சிந்திரி உர ஆலையில் இரசாயனப் பொறியியலாளராக இருந்து, தொழிலாளர் பக்கம் நின்றமையால் வேலையை இழந்து, முழுநேரத் தொழிற்சங்கவாதியான ஏ. கே. ராய் அவர். தன்பாத் தொகுதியிலிருந்து மும்முறை பாராளுமன்றம் சென்றும், உறுப்பினருக்குரிய ஓய்வூதியத்தை வேண்டாமென மறுத்து, 2019 ஜூலையில் மறையும் வரை ஓர் எளிய தொழிலாளியைப் போலவே வாழ்ந்தார். ஜார்கண்ட் இந்தியாவின் உள்நாட்டுக் குடியேற்ற நாடு என்று அவர் வாதிட்டார். தொழிலாளரின் செங்கொடியும் ஆதிவாசிகளின் பச்சைக்கொடியும் ஒன்றுசேர வேண்டுமென்றார். சிபு சோரன், வினோத் பிகாரி மகதோ ஆகியோருடன் அவரும் கைகோத்த காலத்திலேயே ஜார்கண்ட் முக்தி மோர்ச்சா பிறந்தது. வர்க்கத்தை மறந்து இனத்தைப் பேசுகிறார் என்று அவரைக் கண்டித்த பண்டிதர்கள் பலர். அப்பண்டிதர்களின் நூல்கள் எங்கே என்று நாம் கேட்கப் போவதில்லை.

உள்நாட்டுக் குடியேற்ற நாடு என்பது வெறும் வசைமொழி என நினைப்போருக்கு ஒன்று கூறுவோம். 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை இந்திய அரசு 'சரக்குக் கட்டணச் சமன்பாடு' என்ற கொள்கையைக் கடைப்பிடித்தது. உருக்கு முதலிய அடிப்படைப் பொருள்களை நாட்டின் எம்மூலைக்குக் கொண்டு சென்றாலும் விலை ஒன்றாகவே இருக்கும்படி, போக்குவரத்துச் செலவை அரசு சமப்படுத்திற்று. கேட்பதற்கு நீதியாகத் தோன்றும். விளைவு யாது? சுரங்கத்தின் அருகே ஆலை அமைப்பதால் வரும் இயல்பான நன்மை அழிந்தது. ஜாம்ஷெட்பூரில் வார்த்த உருக்கு, ஜாம்ஷெட்பூர்ப் பட்டறைக்காரனுக்கும் பம்பாய்ப் பட்டறைக்காரனுக்கும் ஒரே விலை. துறைமுகமும் வங்கியும் சந்தையும் பம்பாயில் இருக்க, எவன் சிங்பூமில் பட்டறை வைப்பான்? அங்ஙனமாயின் பம்பாயின் பருத்திக்கும் அவ்வாறே விலையைச் சமப்படுத்தினார்களா என்றால், அதுதான் இல்லை. கிழக்கின் செல்வம் மட்டும் நாட்டின் பொதுச் செல்வம். மேற்கின் செல்வம் மேற்கினுடையது. நாற்பதாண்டு காலம் இவ்விதம் நடந்தபின், ஜார்கண்ட் மக்கள் தொழில் முயற்சியற்றோர் என்று ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள்!

எடுத்துச் சென்ற கனியத்துக்குக் கொடுத்த விலையையும் பார்ப்போம். 'ரோயல்டி' எனப்படும் உரிமைக் கட்டணத்தின் வீதத்தை மத்திய அரசே தீர்மானிக்கும். மாநிலம் பெற்றுக்கொள்ள மட்டுமே உரியது. சீனாவின் கொள்வனவினால் இரும்புத்தாதின் விலை வானளாவ உயர்ந்திருந்த 2000களிலே, தாது ஒரு தொன்னுக்கு மாநிலம் பெற்ற கட்டணம் முப்பது ரூபாவையும் எட்டவில்லை. விலைக்கேற்ற வீதம் 2009இல்தான் வந்தது. அதற்குள் பல மலைகள் கப்பலேறிவிட்டன. மேலதிக வரியேனும் விதிக்கலாமென்றால் நீதிமன்றம் தடுத்தது. தமிழ்நாட்டின் ஒரு சீமெந்துக் கம்பனி தொடுத்த வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், ரோயல்டியும் ஒரு வரியே, அதன்மேல் மாநிலம் வரி விதித்தலாகாது என்று தீர்த்தது. அத்தீர்ப்பு முப்பத்தைந்து ஆண்டுகள் நின்றது. 2024 ஜூலை 25ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதனைப் புரட்டிற்று. ரோயல்டி வரியன்று, கனியம் தாங்கும் நிலத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்றது. 2005 ஏப்ரல் முதலான நிலுவையைக் கேட்கலாம். ஆயின் 2026 ஏப்ரல் தொடக்கம் பன்னிரண்டு ஆண்டுத் தவணையிற் கேட்கவேண்டும் என்றும் பின்னர் விதித்தது. அவ்வழக்கின் தலைமைக் கட்சிக்காரர் ஜார்கண்டின் கனியப் பகுதி அபிவிருத்தி அதிகாரசபை என்பதைக் குறித்துக்கொள்வோம்.

தீர்ப்பை வரவேற்கிறோம். ஆயினும் ராஞ்சிக்கு வரும் பணம் ராஞ்சியைத் தாண்டுமா என்பதே எமது கேள்வி. 2000 நவம்பர் 15, பீர்சா முண்டாவின் பிறந்த நாளிலே, பீகாரிலிருந்து பிரிந்து தனி மாநிலம் தோன்றியபோது எத்துணை ஆரவாரம்! அன்று முதல் இன்றுவரை, ஒரே ஒருவரைத் தவிர, முதலமைச்சர் ஆசனத்தில் அமர்ந்தோர் யாவரும் ஆதிவாசிகளே. அவர்களுள் ஒருவரான மது கோடா 2006 முதல் 2008 வரை ஆண்டு, நிலக்கரி வயல் ஒதுக்கீட்டு வழக்கிற் 2017 டிசம்பரில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அவர் பெயரைச் சொன்னவுடன் பத்திரிகைகள் மகிழ்ச்சி கொள்கின்றன. எல்லாத் துன்பத்துக்கும் காரணம் ஊழல் என்று எழுதிவிட்டு உறங்கலாம் அல்லவா? தேனெடுத்தவன் புறங்கையை நக்கினான் என்பது மெய்யே. நக்கிய கையைப் பற்றி நாம் இவ்வளவு பேசிக்கொண்டிருக்கையில், தேன்கூடு எவருடையது, குடத்தைத் தூக்கிச் சென்றவன் எவன் என்ற பேச்சு அற்றுப் போகிறது. நாடெங்கும் ஏலமின்றி வழங்கப்பட்ட 218 நிலக்கரி வயல்களில் 214ஐ உச்ச நீதிமன்றம் 2014 செப்டெம்பரில் இரத்துச் செய்தது. ஒரு கோடாவா அத்தனையையும் வழங்கினார்?

உண்மையான திருடன் யார் என்பதைச் சட்டம் வேறு விதமாகக் கண்டுபிடித்திருக்கிறது. வைகறைப் பொழுதில் தன்பாத், ஹசாரிபாக், ராம்கர் வீதிகளிலே சைக்கிள்களை ஏறிச் செலுத்தாது தள்ளிச் செல்லும் மனிதரின் நீண்ட வரிசையைக் காணலாம். சட்டத்தின் நடுவிலும் இருபுறமும் சாக்குகள். இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட கரி. கைவிடப்பட்ட குழிகளிலும் கழிவுக் குன்றுகளிலும் பொறுக்கியது. மேட்டில் ஒருவன் முன்னே கயிறு கட்டி இழுக்க, மற்றவன் பின்னே தோள் கொடுத்துத் தள்ளுவான். இவ்விதம் பத்து, இருபது கிலோமீற்றர். சில வேளை அதற்கு மேலும். வழியிற் காவல் நிலையந்தோறும் 'மாமூல்'. பிடிபட்டால் அவன் அரசின் சொத்தைத் திருடியவன். அவன் பாட்டனின் கழனி இருந்த இடத்திலிருந்து வண்டித் தொடராகப் போகும் கரி தேசிய உற்பத்தி. கொடர்மாப் பகுதியில் இதே கதை மைக்காவுக்கு. எம்மவர் காக்காய்ப்பொன் என்று வழங்குவது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் சட்டபூர்வமான சுரங்கங்கள் மூடப்பட்டன; மைக்கா வாங்குவோர் மட்டும் கடையை மூடவில்லை. எலிவளை போன்ற குழிகளுள் தாய்மாரும் பிள்ளைகளும் துண்டு பொறுக்குகின்றனர். அவை நாகரிக மங்கையரின் உதட்டுச் சாயத்திலும் மோட்டார் வண்டியின் வர்ணத்திலும் மினுங்குகின்றன.

கோட்டா மாவட்டத்து வினோதத்தையும் சொல்லிவிடுவோம். நிலக்கரி மாநிலமாகிய ஜார்கண்டிலே, அதானி குழுமம் 1,600 மெகாவாற் மின்நிலையம் ஒன்றை நிறுவி 2023இல் இயக்கத் தொடங்கியது. அதற்குரிய கரி அவுஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்து வருவதாகத் திட்டம். பிறந்த மின்சாரம் பங்களாதேசத்துக்கு. சந்தால் விவசாயியின் பங்கு, நிலத்தைக் கொடுத்தது. அக்குழுமத்தின் பெயரை எமது மன்னார் மக்களுக்கு நாம் அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை.

ஜாதுகுடாவில் 1967 முதல் யுரேனியம் தோண்டப்படுகிறது. ஆயிரம் கிலோ தாதில் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே யுரேனியம் தேறும். தேறியது ஹைதராபாத்துக்குப் போகிறது. தேறாத அனைத்தும் சேறாகத் திரும்பிக் கிராமங்களின் அருகே கழிவுக் குளங்களிற் தேங்குகிறது. 2006 டிசம்பரில் கழிவுக்குழாய் வெடித்து நச்சுச் சேறு ஓடையிற் கலந்தது. குறைபாடுள்ள குழந்தைகள், கருச்சிதைவுகள் பற்றி ஹோ, சந்தால் தாய்மார் கூறுவதை ஸ்ரீபிரகாஷ் 1999இல் ஆவணப்படமாக எடுத்தார். கதிரியக்கம் வரம்புக்குள் இருக்கிறது என்பதே அதிகாரிகளின் மாறாத விடை. வரம்பை வகுப்பதும், அளப்பதும், அறிக்கையிடுவதும் ஒரே அணுசக்தித் துறையின் கைகளாயிருக்க, அவ்விடையை அவ்வூர்த் தாய் ஏன் நம்பவேண்டும்?

இவற்றையெல்லாம் கேட்டால் என்ன நேரும் என்பதை ஒரு தமிழரின் வாழ்வு காட்டிற்று. திருச்சிராப்பள்ளிப் பகுதியிற் பிறந்த இயேசுசபைத் துறவி ஸ்ரான் சுவாமி, ஜார்கண்டில் பல்லாண்டுகள் வாழ்ந்து, நிலவுரிமை பற்றி எழுதினார். நக்சலைட்டுகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு விசாரணையின்றிச் சிறையில் வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காக ராஞ்சி உயர் நீதிமன்றத்தை நாடினார். 2020 ஒக்டோபர் 8ஆம் நாள், எண்பத்து மூன்று வயதில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரே கைதானார். குற்றச்சாட்டை அவர் இறுதிவரை மறுத்தார். நடுக்குவாத நோயினாற் கிண்ணத்தைப் பிடிக்க இயலாத அம்முதியவர், உறிஞ்சிக் குடிக்கும் குவளை ஒன்றுக்காக நீதிமன்றத்தில் விண்ணப்பித்து வாரக்கணக்கிற் காத்திருந்தார். 2021 ஜூலை 5ஆம் நாள், வழக்கு விசாரணை தொடங்கு முன்னரே, காவலில் இருந்தபடியே மும்பாய் வைத்தியசாலை ஒன்றில் இறந்தார்.

'அப்படியாயின் நிலக்கரியை மண்ணிலேயே விட்டுவிடுவதா? இரும்பின்றி நாடு வாழுமா?' என்று கேட்பர். தோண்டுவதா விடுவதா என்பதை எவர் தீர்மானிப்பது என்றே நாம் கேட்கிறோம். அயல் மாநிலமாகிய ஒடிசாவில், நியம்கிரி மலையின் பொக்சைட்டைத் தோண்டலாமா என்பதை ஊர்ச்சபைகளே ஆராய்ந்து முடிவு கூறட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் பணித்தது. அவ்வாண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிற் பன்னிரண்டு ஊர்கள் கூடின. பன்னிரண்டும் வேண்டாமென்றன. வானம் இடிந்து விழவில்லை. ஆனால் எங்கும் அவ்வாறு கேட்கத் துணிந்தார்களா? பழங்குடிப் பகுதிகளின் ஊர்ச்சபைகளுக்கு அதிகாரம் வழங்கும் சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிகளை வகுக்காமலே ஜார்கண்ட் அரசாங்கங்கள், எக்கட்சியினதாயினும், கால் நூற்றாண்டைக் கழித்தன. 2014இல் வந்த அரசாங்கமோ 1908ஆம் ஆண்டுச் சட்டத்தையே தளர்த்த முற்பட்டது. மக்கள் திரண்டெழ, ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்ப, 2017 ஓகஸ்டில் அது கைவிடப்பட்டது.

அக்காலத்தில் குந்தி மாவட்டத்து முண்டாக்கள் ஒரு காரியம் செய்தனர். இறந்தோர் நினைவாகக் கல் நாட்டுதல் அவர்களது தொன்மையான வழக்கம். 2017, 2018ஆம் ஆண்டுகளில் ஊரெல்லைகளிலே ஆளுயரக் கற்களை நாட்டி, பச்சை வர்ணம் தீட்டி, இந்திய அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை பற்றியும் ஊர்ச்சபையின் அதிகாரம் பற்றியும் அவற்றிலே பொறித்தனர். நாட்டின் அரசியலமைப்பைக் கல்லில் எழுதியதற்காக அவர்கள் மீது அரசுத் துரோக வழக்குகள் பாய்ந்தன. வழக்குகளை மீளப் பெறுவதென 2019 டிசம்பர் 29ஆம் நாள் புதிய அமைச்சரவை தன் முதற் கூட்டத்திலேயே தீர்மானித்தது. வளத்தின் சாபம் பற்றி அடுத்த நூலை எழுதவிருக்கும் பேராசிரியர்கள், எழுதத் தொடங்குமுன் குந்திக்கு ஒரு முறை சென்று அக்கற்களில் எழுதியிருந்ததை வாசித்துப் பார்ப்பார்களாக.